சிதம்பரத்தில் கணினியியல் முனைவர் பட்டம்: விதிகளும் கேள்விகளும்

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் உருவானபோது கணினியியல் என்றொரு துறையே கிடையாது. இந்தியக் கல்விக்கூடங்களில் அது வேரூன்றியது 1963இல் கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 கணினி வந்தபின்தான். சென்னை ஐஐடிக்கு 1973இல் ஐபிஎம் 370 வந்தது. அன்று இத்துறையில் முனைவர் பட்டம் தேடி வந்தவர்கள் மிகச் சிலரே. 1984 வாக்கில் தமிழக அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழிவிட்டதும் நிலைமை மாறியது. கல்லூரிகள் பெருகின, கணினிப் பாடம் நடத்த ஆசிரியர்கள் தேவைப்பட்டனர், அவர்களின் பதவி உயர்வுக்கு முனைவர் பட்டம் வழியானது. சிதம்பரம், கடலூர் வட்டாரத்திலும் கணினியியல் ஆய்வுப் பட்டத்தின் வளர்ச்சியைப் பெரிதும் தீர்மானித்தது ஆய்வுக் கேள்வி அன்று, இந்தத் தகுதித் தேவையே என்பது என் வாதம்.

இதற்குச் சான்று பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளிலேயே இருக்கிறது. 2009 விதிகள் நுழைவுத் தேர்வையும் பாடப்பயிற்சியையும் கட்டாயமாக்கின. ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையையும் கேட்டன. 2016இல் அதனுடன் இரண்டு கருத்தரங்க உரைகளும் சேர்ந்தன. 2018 விதிகள், பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு 2021 ஜூலை முதல் முனைவர் பட்டம் கட்டாயம் என்றன. அந்தக் கெடு தள்ளிப்போய், 2023இல் கட்டாயமே நீங்கியது. வேலைக்கும் பட்டத்துக்கும் முடிச்சுப் போட்டு, பட்டத்துக்குக் கட்டுரை எண்ணிக்கையை நிபந்தனையாக்கினால், பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களுக்குச் சந்தை உருவாவதில் வியப்பில்லை. 2018 மே மாதம் மானியக் குழுவே தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க வேண்டியதாயிற்று. 2022 விதிகள் கட்டாய வெளியீட்டைக் கைவிட்டது சரியான முடிவு.

வெளியீட்டுக் கட்டாயம் போனால் தரம் சரியும் என்பார்கள். அந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. வெளியாட்கள் படித்துக் கேள்வி கேட்கும் ஒரு வாய்ப்பு அதனால் குறையத்தான் செய்கிறது. ஆனால் கட்டுரை எண்ணிக்கை நிபந்தனையாக இருந்த காலத்திலும் தரத்தை அது காக்கவில்லை என்பதற்கு அந்த 4,305 இதழ்களே போதுமான பதில். கணினியியலில் ஓர் ஆய்வு மெய்யா பொய்யா என்று சோதிக்க எளிய வழி உண்டு: நிரலையும் தரவையும் இன்னொருவரிடம் கொடுத்து, அதே முடிவு வருகிறதா என்று பார்க்கச் சொல்வது. வாய்மொழித் தேர்வில் அதைக் கேட்கும் தேர்வாளர் ஒருவர் பத்துக் கட்டுரைகளுக்குச் சமம்.

பணியில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் படிப்பவர்களால் பெரிய கேள்விகளைத் தொட முடியுமா என்ற ஐயமும் எழும். கேள்வி அருகிலேயே இருந்தால் முடியும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறையும் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையமும் 1960களிலேயே உயராய்வு மையங்களாயின; கையருகே இருந்த மொழியும் கடலுமே அவற்றின் ஆய்வுப் பொருள். கணினியியலுக்கும் இங்கே பொருள் குறைவில்லை. பேச்சுத் தமிழைப் புரிந்துகொள்ளும் மென்பொருள், 2011 தானே புயலும் 2015 வெள்ளமும் தாக்கிய கரைக்கான முன்னெச்சரிக்கைக் கணிப்பு, கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளை ஒட்டிய குடிகாடு போன்ற ஊர்களின் காற்றுத் தரத் தரவு ஆகிய ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேட்டைத் தாங்கும். நெறியாளர்கள் முதல் ஆண்டிலேயே மாணவரை மொழியியல் துறைக்கும் பரங்கிப்பேட்டைக்கும் அனுப்ப வேண்டும். ஆய்வேட்டுடன் தரவையும் நிரலையும் பொதுவில் வைப்பதைப் பல்கலைக்கழகம் விதியாக்க வேண்டும்.