அருவி முழுகிய ஊரில் ஒரு டேட்டா சென்டர்

டேட்டா சென்டருக்கு இடம் பார்க்கிறவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். மலிவான மின்சாரம், ஃபைபர், தண்ணீர், சமதளமான நிலம், வரிச்சலுகை. என்னை மாதிரி சாஃப்ட்வேர்காரர்களுக்கு இது ஒரு எக்ஸெல் ஷீட். மார்க் போட்டுக் கூட்டினால் ஊர் பெயர் வந்துவிடும். ஆனா ஒரு ஊருக்கு அந்த மார்க் எப்படிக் கிடைக்குது?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் தி டால்ஸ் என்று ஒரு சின்ன ஊர். கூகுள் தனக்கென்றே கட்டிய முதல் பெரிய டேட்டா சென்டர் 2006-ல் இங்கேதான் திறந்தது. ஏன் இந்த ஊர் என்று தேடிக்கொண்டே போனால், கூகுள் நிறுவனர்கள் பிறப்பதற்கு முந்தைய ஒரு தேதியில் போய் நிற்கிறோம். 1957 மார்ச் 10.

ஊருக்குக் கிழக்கே செலைலோ என்றொரு அருவி இருந்தது. பத்தாயிரம் வருஷத்துக்கும் மேலாகப் பழங்குடிகள் சால்மன் பிடித்துவந்த இடம். பாறைகளின் விளிம்பில் மரமேடை கட்டி, நீண்ட கழியில் வலை மாட்டிப் பிடிப்பார்கள். மீன்பிடி இடம் மட்டுமில்லை, பெரிய சந்தையும்கூட. அன்றைக்கு தி டால்ஸ் அணையின் மதகுகளை மூடினார்கள். சில மணி நேரம்தான், அருவி நீருக்கடியில் போய்விட்டது. யாகமா, உமட்டில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்ஸ் மக்களுக்கு அரசு கொடுத்த இழப்பீடு மொத்தம் 2.68 கோடி டாலர்.

அணையிலிருந்து வந்த மலிவு மின்சாரத்தை நம்பி, அடுத்த வருஷமே ஊரில் அலுமினியம் உருக்காலை வந்தது. அலுமினியத்தை மின்சாரத்தால்தான் பிரித்தெடுக்க முடியும். கரண்ட் விலை ஏறினால் ஆலை படுத்துவிடும். 2000-த்தை ஒட்டி வந்த மின் நெருக்கடியில் அதுதான் நடந்தது. வேலை போச்சு. மின்பாதையும் தொழிற்பேட்டையும் மிச்சம்.

ஃபைபர் கதை வேறு. அதை எந்தக் கம்பெனியும் கொண்டுவந்து தரவில்லை. நகரமும் வாஸ்கோ கவுண்டியும் சேர்ந்து தாங்களே ஒரு ஃபைபர் வளையம் போட்டார்கள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி இது. பெரிய மீன் வரும் என்று தெரியாமலேயே குளம் வெட்டியிருக்கிறார்கள்!

2005-ல் ‘டிசைன் எல்எல்சி’ என்கிற பெயரில் ஒரு கம்பெனி வந்து 30 ஏக்கர் வாங்கியது. பேசியவர்கள் எல்லாம் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. உள்ளே இருந்தது கூகுள்.

ரகசியம் அதோடு முடியவில்லை. சர்வரைக் குளிர்விக்கத் தண்ணீரை ஆவியாக்குவது இங்கே வழக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1 மெகாவாட் வெப்பத்தை முழுக்க ஆவியாக்கியே வெளியேற்றினால் ஒரு நாளைக்குச் சுமார் 36,000 லிட்டர் போகும். அதாவது 12,000 லிட்டர் தண்ணி லாரி மூன்று. இது ஒரே ஒரு மெகாவாட்டுக்கு. பெரிய டேட்டா சென்டர்கள் பல பத்து மெகாவாட்டில் ஓடுகின்றன. பக்கத்திலேயே கொலம்பியா மாதிரி ஒரு ஆறு ஓடினாலும், டேட்டா சென்டர் குடிப்பது நகராட்சித் தண்ணீர். அப்போ எவ்வளவு எடுக்கிறார்கள் என்று ஊர்க்காரர் கேட்கத்தானே செய்வார்?

‘தி ஓரிகோனியன்’ பத்திரிகை கேட்டது. அது வணிக ரகசியம் என்று சொல்லி, கேட்ட பத்திரிகை மேலேயே நகராட்சி 2021-ல் வழக்குப் போட்டது. குடிநீர் விநியோகம் செய்கிற நகராட்சி, குடிநீர்க் கணக்கைச் சொல்லாமலிருக்கக் கோர்ட்டுக்குப் போகிறது! ஆலை காலத்தில் கரண்டுக்காக ஏங்கிய ஊர் இப்போது எதற்குப் பயப்படுகிறது என்பது இந்த ஒரு வழக்கிலேயே தெரிகிறது.

2022 டிசம்பரில் சமரசமாகி எண் வெளியே வந்தது. 2021-ல் மட்டும் 35.51 கோடி கேலன். நம் கணக்கில் ஏறக்குறைய 134 கோடி லிட்டர், ஊர் மொத்தமும் பயன்படுத்தியதில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2021 நவம்பரில், நகர மன்றம் கூகுளின் விரிவாக்கத்துக்கான நீர் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்துவிட்டது. குழாய், தொட்டி, கிணறு என்று 2.85 கோடி டாலர் வேலைக்குக் கூகுள் பணம் போடும். கூடவே, தன்னிடமுள்ள நிலத்தடி நீர் உரிமையையும் நகராட்சிக்கு மாற்றித் தரும். கூகுளுக்கு அந்த உரிமை எப்படி வந்தது என்று பார்த்தால், அது மூடிப்போன அலுமினிய ஆலையின் நிலத்தோடு சேர்ந்து வந்தது.