குவேனி ஏன் காட்டிக்கொடுத்தாள்?

ஆலங்குடாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் திகில் ஆட்டமொன்றை எழுதிக்கொண்டிருக்கிறார். நண்பர்கள் கூடியிருந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, கதையைப் பேசிப் பேசியே வளர்த்துச் செல்லும் ஆட்டம் அது. களம் அவருடைய கற்பிட்டிக் கரை. பேய் தயாராகிவிட்டது என்றும், அது மனிதரை ஏன் வதைக்கிறது என்பதற்குத்தான் நம்பத்தக்க காரணம் அகப்படவில்லை என்றும் அவர் எனக்கு எழுதியிருந்தார்.

இத்தகைய ஆட்டங்கள் மேனாட்டில் பல பத்தாண்டுகளாக உள்ளன. 1981இல் வெளிவந்த 'கால் ஆஃப் கதுல்ஹு'வில் வரும் ஆதி சக்திகள் மனிதனை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. ஆகவே அவற்றுக்குப் பகையும் இல்லை. 1991இல் வந்த 'வேம்பயர்: த மாஸ்கரேட்' ஆட்டத்திலோ ஆடுபவரே இரத்தம் குடிக்கும் பிறவியாகிவிடுகிறார். ஆனால் புத்தளத்துக் கரையில் இருந்துகொண்டு இதற்காக மேனாட்டுக்குப் போகவேண்டியதில்லை என்பது என் எண்ணம். இலங்கை வரலாற்று நூல்களின் முதல் வில்லி இக்கரைக்கு உரியவளாகவே சொல்லப்படுகிறாள்.

விஜயன் வந்திறங்கிய தம்பபண்ணி எது என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த முடிவு இல்லை. கற்பிட்டிக்கு வடக்கேயுள்ள குதிரைமலைப் பக்கம் என்பாரும் உளர். (அதே குதிரைமலையில்தான் அல்லி அரசாணியின் கோட்டை இருந்ததென்று தமிழ் வழக்கும் கூறுகிறது, அது தனிக்கதை.) வில்பத்துக் காட்டினுள் குவேனியின் மாளிகை என்று பெயர் பெற்ற இடிபாடுகளும் உண்டு.

பழைய நூலான தீபவம்சம் விஜயனின் வருகையைச் சொல்கிறது, குவேனியைச் சொல்லவில்லை. கி.பி. 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டில் மகாநாம தேரர் இயற்றியதாகக் கொள்ளப்படும் மகாவம்சத்தில்தான் அவள் விரிவாக வருகிறாள். மரத்தடியில் தவசிபோல் அமர்ந்து நூல் நூற்கும் இயக்கியாக அறிமுகமாகிறாள். விஜயனின் தோழர்களை ஒவ்வொருவராகப் பிடித்து அடைக்கிறாள். கையிலிருந்த காப்பு நூலின் வலிமையால் அவர்களை அவளால் விழுங்க முடியவில்லை. இதுவரை அவளை நடத்துவது பசி மாத்திரமே. ஹோமரின் காவியத்தில் வரும் சேர்சியுடன் அறிஞர்கள் அவளை ஒப்பிடுவது இவ்விடத்தை வைத்துத்தான்.

அதன் பின்னரே மகாநாமரின் கை தெரிகிறது. விஜயன் அவள் கூந்தலைப் பற்றி வாளை ஓங்கியதும் உயிருக்கு அஞ்சிப் பணிகிறாள், அவனோடு வாழ்கிறாள். இரவில் இசையொலி கேட்கிறது. சிரீசவத்து என்னும் இயக்கர் நகரில் திருமண விழா. தன் இனத்தார் கூடியிருக்கும் அந்த வேளையில் அவர்களை அழிக்குமாறு அவளே விஜயனுக்கு வழி சொல்கிறாள். கண்ணுக்குத் தெரியாத இயக்கரை எப்படி வெட்டுவது? அவர்கள் நிற்குமிடத்திலிருந்து தான் குரல் எழுப்புவதாகவும், அந்தக் குரலை நோக்கி வெட்டுமாறும் கூறுகிறாள். கொல்லப்பட்ட இயக்க அரசனின் ஆடையை விஜயன் உடுத்திக்கொள்கிறான்.

ஏன் செய்தாள்? காதலுக்காக என்று மட்டும் எழுதியிருந்தால் இது சாதாரணக் கதையாக முடிந்திருக்கும். மகாநாமர் இன்னொரு காரணத்தையும் அவள் மனத்தில் வைக்கிறார். மனிதர் இத்தீவில் குடியேறத் தான் காரணமாகிவிட்டதால் இயக்கர் தன்னைக் கொன்றுவிடுவர் என்று அவள் அஞ்சுகிறாள். ஒரு துரோகத்தை மறைக்க அதனினும் பெரிய துரோகம். அரசியல் செய்திகளை எழுதிவந்த எனக்கு இது மிகவும் பழகிய மனநிலை.

விஜயனுக்கும் காரணங்கள் உண்டு. கொடுஞ்செயல்களுக்காகத் தந்தையால் பாதித் தலை மழிக்கப்பட்டு, 700 பேருடன் கப்பலேற்றி விரட்டப்பட்டவன் அவன்; முந்திய அத்தியாயத்தின் வில்லனே அடுத்ததில் நாயகன். முடிசூட அரசகுலத்துப் பெண் வேண்டுமென்று மதுரையிலிருந்து பாண்டிய இளவரசியைத் தருவித்தபோது, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்விடுமாறு குவேனியிடம் சொல்கிறான். மனிதர் அமானுடரைக் கண்டு அஞ்சுவர் என்பது அவன் கூறும் காரணம். ஆயிரம் செலவில் பலி கொடுப்பதாகவும் வாக்களிக்கிறான். நட்டஈடு வழங்கும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது போலும்.

பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அவள் லங்காபுரத்துக்குச் செல்கிறாள். உளவு பார்க்க வந்தாள் என்று இயக்கர் கலங்குகின்றனர். அவர்களுள் ஒருவன் ஒரே அடியில் அவளைக் கொன்றுவிடுகிறான். அவள் அஞ்சியது நடந்துவிடுகிறது.

இந்த 'உளவு' என்ற சொல்லைக் கடந்து செல்ல ஆலங்குடாவை அறிந்தவர்களால் இயலாது. 1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்து மக்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம் மட்டுமே. அவர்களுள் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். ஆலங்குடாவில் அகதி முகாம்கள் எழுந்தன. காட்டிக்கொடுப்போர் என்ற ஐயம் அவ்வேளையில் காரணமாகப் பேசப்பட்டது. பச்சிளம் குழந்தைக்கும் படுக்கையிலிருந்த முதியவருக்கும் அது எங்ஙனம் பொருந்தும்? அஞ்சுகிறவன் கொடுமை செய்வான் என்பதை என்னால் நம்ப முடிகிறது. நம்புவதனால் அது நியாயமாகிவிடாது. திகில் கதை எழுதுவோர் பலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, வில்லனுக்கு ஒரு சோகத்தைக் கொடுத்துவிட்டு அவனை மன்னித்தும் விடுகின்றனர்.

சிங்களச் சடங்குகள் அத்தவறைச் செய்வதில்லை. தென்பகுதியின் சன்னி யகும சடங்கில் வரும் கோல சன்னி, வீண் ஐயத்தால் அரசன் கொல்வித்த கருவுற்ற அரசியின் மகன்; தந்தையின் நகரை அழிக்கப் புறப்பட்டவன். ஆட்டக்களத்தில் அவன் குறை கேட்கப்படும், பலியும் அளிக்கப்படும். ஆயினும் நோயாளியை விட்டு அவன் நீங்கியே ஆகவேண்டும். மலைநாட்டின் கொஹொம்ப கங்காரிய சடங்கோ குவேனியின் சாபத்திலிருந்தே பிறந்ததாகக் கூறப்படுகிறது. சாபம் பற்றியது விஜயனை அன்று. அவனுக்குப் பின் அரியணை ஏறிய பண்டுவாசுதேவனை. வில்லியின் கோபம் உரியவனைத் தவறவிட்டு அடுத்தவன்மேல் விழுகிறது. திகிலுக்கு இதைவிட நல்ல முடிச்சு எனக்குத் தெரியவில்லை.

கிரேக்கத்தில் தன் குலத்தைக் காட்டிக்கொடுத்துக் கணவனால் கைவிடப்பட்ட மெதியாவுக்கு, கி.மு. 431இலேயே யூரிப்பிடிஸ் மேடையில் வாய் கொடுத்தார். குவேனிக்கு அது 1963இல் ஹென்றி ஜயசேனவின் சிங்கள நாடகத்தில் கிடைத்தது.

ஆலங்குடா இளைஞருக்கு நான் எழுதியது, பேயைக் குவேனியாக்க வேண்டாம், அவள் பிள்ளைகளைப் பாருங்கள் என்பதே. தாய் கொல்லப்பட்டதும் அவளது மாமன் அவர்களைத் தப்பியோடச் சொல்கிறான். அண்ணனும் தங்கையும் சிவனொளிபாத மலைப் பக்கம் ஓடி, அங்கேயே வாழ்ந்து, புளிந்தர் என்னும் குலமாயினர் என்கிறது மகாவம்சம். தகப்பனைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று அந்நூலில் ஒரு சொல்லும் இல்லை.