கோட்டை கட்ட ஜெம் வேணாம்... பொறுமை போதும்! - 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' புதுமுகங்களுக்கு 10 டிப்ஸ்

கொடுமுடி ரயில்வே ஸ்டேஷன்ல காலையில ஈரோடு போற பாசஞ்சருக்காகக் காத்திருக்கும் காலேஜ் பசங்களைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. ஒருத்தன் ரீல்ஸ் தள்ளிக்கிட்டிருப்பான். இன்னொருத்தன் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பான். மூணாவது ஆள் மட்டும் படு சீரியஸா கோட்டை கட்டிக்கிட்டிருப்பான். அந்த மூணாவது ஆள்தான் என் சித்தி பையன்.

"ஏனுங்ணா, காலையில எந்திரிச்சுப் பார்த்தா எவனோ வந்து மொத்த கோல்டையும் அள்ளிட்டுப் போயிட்டானுங்ணா!" என்று ஒருநாள் போனை நீட்டினான். வாங்கிப் பார்த்தேன். டவுன் ஹால் லெவல் 6. ஆனா, பீரங்கி எல்லாம் இன்னும் முதல் லெவல். சுவரைத் தட்டினாலே விழுந்துடும்போல. பில்டர் ரெண்டே பேர். ஜெம் சுத்தமா காலி. ஆட ஆரம்பிச்சு மூணே வாரம்தான் ஆகியிருந்தது. "சீக்கிரம் மேல போயிடலாம்னு பார்த்தனுங்ணா" என்றான். அங்கேதான் சிக்கல்!

கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன இன்ட்ரோ. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கியில் 2010-ல் தொடங்கப்பட்ட சூப்பர்செல் நிறுவனத்தின் கேம் இது. 2012 ஆகஸ்ட்டில் ஐபோனுக்கும், 2013 அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. உங்களுக்கு ஒரு சின்ன கிராமம் தருவாங்க. அதில் சுரங்கம் வெச்சு கோல்டும் எலிக்ஸிரும் சேர்க்கணும். சுவர், பீரங்கினு பாதுகாப்பு கட்டணும். பார்பேரியன், ராட்சசன், டிராகன்னு படை திரட்டி அடுத்தவங்க கோட்டையைத் தாக்கணும். நீங்க தூங்கும்போது வேற யாராவது உங்க கோட்டையைத் தாக்குவாங்க. அவ்வளவுதான் கதை!

நம்ம ஊர்த் திண்ணையில கரிக்கோடு கிழிச்சு ஆடுன ஆடு புலி ஆட்டம் ஞாபகம் இருக்கா? 3 புலி, 15 ஆடு. புலிக்கு தாண்டித் தாண்டி வெட்டுற பலம் இருக்கு. ஆனா, அவசரப்படாம ஒவ்வொரு ஆடா இறக்கி வழியை அடைச்சா, புலி நகர முடியாம மாட்டிக்கும். இந்த கேமும் அதே கணக்குதான். புதுசா வர்றவங்களைத் தோற்கடிக்கிறது பக்கத்து கோட்டைக்காரன் இல்ல, அவங்களோட அவசரம்தான். அதைச் சமாளிக்க 10 டிப்ஸ் இதோ...

1. ஜெம்மை பில்டருக்கு மட்டும் செலவு பண்ணுங்க

பச்சைக் கலர்ல இருக்கும் ஜெம்தான் இந்த கேமின் தங்கக்காசு. கட்டட வேலை நடக்கும்போது 'ஜெம் கொடுத்து இப்பவே முடிச்சுக்கோ'னு ஒரு பட்டன் கண்ணடிக்கும். அதைத் தொடவே தொடாதீங்க. ஜெம்மை வெச்சு பில்டர் குடிசை வாங்குங்க. மூணாவது பில்டருக்கு 500 ஜெம், நாலாவதுக்கு 1,000, அஞ்சாவதுக்கு 2,000. ஒரு வேலையைச் சீக்கிரம் முடிச்சா லாபம் ஒரு தடவைதான். ஒரு பில்டர் கூடுதலா இருந்தா தினமும் லாபம்.

ஜெம்முக்கு எங்கே போறது? கிராமத்துல முளைச்சுக் கிடக்கும் மரம், புதர், கல்லை எல்லாம் அப்பப்போ அகற்றுங்க. சிலதுல ஜெம் கிடைக்கும். மரமும் புதரும் வெட்ட வெட்ட மறுபடி முளைக்கும். 'அச்சீவ்மென்ட்' பக்கத்துல இருக்கும் இலக்குகளை முடிச்சாலும் ஜெம் வரும். ஒரு பைசா செலவில்லாம 5 பில்டர் வரைக்கும் போயிடலாம், என்ன கொஞ்சம் நாளாகும்.

2. டவுன் ஹாலை அவசரப்பட்டு ஏத்தாதீங்க

என் தம்பி பண்ணின தப்பு இதுதான். டவுன் ஹால் லெவல் ஏறினா புதுக் கட்டடங்கள் திறக்கும், உண்மைதான். ஆனா, பழசெல்லாம் பிஞ்சா இருக்கும்போது டவுன் ஹால் மட்டும் பெருசா இருந்தா, உங்களைவிட பலசாலிகளோட மோத வேண்டியிருக்கும். இதைத்தான் ஆட்டக்காரங்க 'ரஷ்டு பேஸ்'னு கிண்டல் பண்ணுவாங்க. ஆரம்பத்துல சிம்பிளா ஒரு ரூல் வெச்சுக்கங்க. இந்த லெவல்ல ஏத்த முடிஞ்ச கட்டடங்களைப் பெரும்பாலும் ஏத்தி முடிச்ச பிறகுதான் டவுன் ஹால் பக்கம் போகணும். சுவர் மட்டும் கொஞ்சம் பாக்கி இருந்தா பரவாயில்ல.

3. முதல்ல எதை ஏத்தணும்?

டவுன் ஹால் ஏறினதும் முதல் வேலை, புதுசா திறந்த கட்டடங்களை எல்லாம் கடையில வாங்கி வெச்சுடறது. அடுத்து லேபரட்டரி, ஆர்மி கேம்ப், பேரக்ஸ். லேபில்தான் படை வீரர்களின் லெவல் ஏறும், அதனால லேப் சும்மா இருக்கவே கூடாது. ஆர்மி கேம்ப் பெருசானா கூட நிறைய பேரைக் கூட்டிட்டுப் போகலாம். தாக்குதல் பலமா இருந்தா கோல்டு தானா வரும். பாதுகாப்பு அப்கிரேடுக்கு அந்த கோல்டு போதும். சுவருக்கு மிச்சம் மீதி கோல்டு!

4. சங்ககிரி கோட்டை மாதிரி கட்டுங்க

ஈரோட்டைத் தாண்டினா சங்ககிரி. தீரன் சின்னமலையை 1805-ல் ஆங்கிலேயர்கள் தூக்கிலிட்ட அதே மலைக்கோட்டை. ஒருமுறை ஏறிப் பாருங்க. மலையடிவாரத்தில் ஒரே ஒரு பெரிய சுவர் கட்டி விட்டுடலை. ஏறும் வழியெல்லாம் ஒண்ணு மாத்தி ஒண்ணு சுவரும் வாசலும் வந்துக்கிட்டே இருக்கும். ஒரு வாசலை உடைச்சு உள்ளே வந்தவன் அடுத்த வாசலில் நின்னாகணும்.

உங்க கிராமத்துக்கும் இதே டெக்னிக்தான். எல்லாத்தையும் சுத்தி ஒரே வட்டமா சுவர் வெச்சா, ஒரு இடத்துல ஓட்டை விழுந்ததும் மொத்தமும் காலி. அதனால சுவரைச் சின்னச் சின்ன அறைகளா பிரிங்க. நடு அறையில் டவுன் ஹால். சுத்தியுள்ள அறைகளில் கோல்டு, எலிக்ஸிர் ஸ்டோரேஜ். அதோட பீரங்கியும் கோபுரமும் கலந்து இருக்கணும். சுரங்கம், பில்டர் குடிசை மாதிரி கட்டடங்கள் வெளியே இருக்கட்டும். எதிரிப் படை அதை உடைக்கிற நேரத்துல, உள்ளே இருக்கும் ஆயுதங்கள் அவங்களைக் கவனிச்சுக்கும்.

5. எந்த ஆயுதம் யாரை அடிக்கும்?

இது தெரியாம பல பேர் தோத்துடறாங்க. கேனன் எனும் பீரங்கி தரையில் வர்றவங்களை மட்டும்தான் அடிக்கும். ஆர்ச்சர் டவர் தரை, வானம் ரெண்டையும் அடிக்கும். மார்ட்டர் ஒரே குண்டில் கூட்டத்தையே காலி பண்ணும். ஆனா தரைப்படையை மட்டும்தான், அதுவும் ரொம்பப் பக்கத்துல வந்துட்டா அதால சுட முடியாது. அதனால மார்ட்டர் எப்பவும் உள்பக்கம் இருக்கணும். ஏர் டிஃபென்ஸ் வானத்துல வர்றவங்களுக்கு மட்டும். டிராகன், பலூன் படைக்கு இதுதான் எமன். அதை ஓரத்துல வெச்சா முதல்ல அதைத்தான் தூக்குவாங்க. விசார்டு டவர் தரை, வானம் ரெண்டிலும் கூட்டத்தை அடிக்கும். ஸ்டோரேஜ் பக்கத்துல வைக்கலாம்.

6. படையில் எல்லாரும் ஒரே மாதிரி இல்ல

பார்பேரியனும் ஆர்ச்சரும் பக்கத்துல எது இருக்கோ அதை அடிப்பாங்க. ஜெயன்ட் நேரா பாதுகாப்பு ஆயுதங்களைத் தேடிப் போகும், அடி வாங்குறதுல மன்னன். காப்ளினுக்கு கோல்டும் எலிக்ஸிரும் இருக்கும் இடம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். வால் பிரேக்கர் சுவரை உடைக்க உயிரையே கொடுக்கும். பலூன் வானத்துல இருந்து பாதுகாப்பு ஆயுதங்கள்மேல குண்டு போடும்.

ஒவ்வொருத்தருக்கும் கேம்ப்பில் எடுத்துக்கிற இடம் வேற. பார்பேரியன், ஆர்ச்சர், காப்ளினுக்குத் தலா 1. வால் பிரேக்கருக்கு 2. ஜெயன்ட், பலூனுக்கு 5. டிராகனுக்கு 20. ஆரம்ப லெவலில் ஜெயன்ட், வால் பிரேக்கர், ஆர்ச்சர் கூட்டணி செமயா வேலை செய்யும். டவுன் ஹால் 7-ல் டிராகன் வந்ததும் ஆட்டமே மாறிடும்.

முன்னெல்லாம் படை தயாரிக்க எலிக்ஸிரும் செலவாகும், நேரமும் ஆகும். 2022-ல் செலவை எடுத்துட்டாங்க. 2025 மார்ச்சில் காத்திருப்பையும் எடுத்துட்டாங்க. அதனால தோத்தாலும் நஷ்டம் இல்ல. தைரியமா தாக்கிப் பழகுங்க!

7. 30 செகண்ட் பாருங்க... அப்புறம் இறக்குங்க

எதிரி கோட்டை திரையில வந்ததும் பார்த்து முடிவெடுக்க 30 செகண்ட் கிடைக்கும். தாக்க 3 நிமிஷம். அந்த 30 செகண்டில் மூணு விஷயம் பாருங்க. மார்ட்டரும் விசார்டு டவரும் எங்கே? ஏர் டிஃபென்ஸ் எங்கே? கோல்டு வெளியே இருக்கா, உள்ளேயா?

இறக்கும்போது மொத்தப் படையையும் ஒரே இடத்துல கொட்டாதீங்க, மார்ட்டர் ஒரே குண்டில் முடிச்சுடும். முதல்ல ஜெயன்ட்டை இறக்கி அடியை வாங்க விடுங்க. பின்னாடியே வால் பிரேக்கர். சுவர் உடைஞ்சதும் ஆர்ச்சர்களைப் பரவலா விடுங்க. பாதிக் கட்டடங்களை உடைச்சா ஒரு ஸ்டார், டவுன் ஹாலை உடைச்சா ஒரு ஸ்டார், 100 சதவிகிதம் உடைச்சா மொத்தம் மூணு ஸ்டார்.

8. தனியா ஆடாதீங்க, கிளான்ல சேருங்க

கிராமத்தில் இடிஞ்சு கிடக்கும் கிளான் கேஸிலை 10,000 கோல்டு கொடுத்து சரி பண்ணினா, ஒரு குழுவில் சேரலாம். ஒரு கிளானில் 50 பேர் வரை இருக்கலாம். மத்தவங்க உங்களுக்குப் படை தானமா கொடுப்பாங்க. உங்க கோட்டையை யாராவது தாக்கினா அந்தப் படை உள்ளே இருந்து வந்து சண்டை போடும். வாங்கிக்கிட்டே இருக்காம, நீங்களும் கொடுக்கணும். நம்மூர் மொய்க் கணக்குதான்!

2014-ல் வந்த கிளான் வார்தான் பல பேர் இன்னும் இந்த கேமை விடாம இருக்கக் காரணம். ஒருநாள் தயாரிப்பு, மறுநாள் போர், ஆளுக்கு ரெண்டு தாக்குதல். போருக்குப் பேர் கொடுத்துட்டு தாக்காம விட்டா கிளான்ல கெட்ட பேர்தான் வரும். பரீட்சை நேரத்துல 'இந்த வாரம் நான் வரலை'னு முன்னாடியே சொல்லி ஒதுங்கிக்கங்க. அதுக்கு கேம்லயே ஆப்ஷன் இருக்கு. இன்னொண்ணு, கிளான் சாட்டில் போன் நம்பர், போட்டோ, காலேஜ் பேர் எதையும் பகிராதீங்க.

9. தூங்கும்போது பெரிய வேலை

சில அப்கிரேடு நிமிஷத்தில் முடியும், சிலது நாள்கணக்கில் இழுக்கும். பகலில் சின்ன வேலைகள், படுக்கப் போகும் முன்னாடி பெரிய வேலைகள்னு பிரிச்சுக்கங்க. கையில் இருக்கும் கோல்டை தூங்கும் முன்னாடியே அப்கிரேடில் செலவு பண்ணிட்டா, ராத்திரி வர்றவனுக்கும் அள்ள ஒண்ணும் இருக்காது. காலையில 15 நிமிஷம், சாயங்காலம் 15 நிமிஷம் ஒதுக்கினா ஆரம்ப லெவலுக்கு தாராளம். மஞ்சள் போட்டவங்க தினமும் தோண்டியா பார்க்கிறாங்க? தண்ணி பாய்ச்சிட்டு வேலையைப் பார்க்கப் போறாங்கல்ல, அப்படித்தான்.

10. காசு, கணக்கு... ரெண்டும் பத்திரம்

இனிமேதான் முக்கியமான விஷயம். தம்பியின் ஜெம் எப்படி காலியாச்சுனு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம்தான் சொன்னான். சித்தப்பா போன்ல இருந்த யு.பி.ஐ. மூலமா நாலு தடவை ஜெம் வாங்கியிருக்கான். மொத்தம் 1,800 ரூபாய் கிட்ட. காசு குறையுதேனு சித்தப்பா பாஸ்புக்கை எடுத்துக்கிட்டு பேங்க்ல போய் ஒரு மணி நேரம் நின்னிருக்கார். அவர் திரும்பி வந்த முகத்தைப் பார்த்துதான் இவன் உண்மையைச் சொல்லியிருக்கான். அவர் அடிக்கவும் இல்ல, திட்டவும் இல்ல. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே கண்ணு" என்று மட்டும் சொன்னாராம். அன்னைக்கு ராத்திரி அவன் சாப்பிடலை.

அதனால முதல் வேலையா ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு அல்லது கைரேகை கேட்கும்படி மாத்தி வைங்க. வீட்டுல சின்னப் பசங்க இருந்தா இது கட்டாயம். இந்த கேமில் போடும் காசு திரும்பி வராது, ஜெயிச்சாலும் பணம் கிடைக்காது. 'பணம் கட்டி ஆடுங்க, பணம் ஜெயிங்க'னு யாராவது வேற ஆப் லிங்க் அனுப்பினா அது வேற உலகம். அப்படிப்பட்ட ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றத்திலேயே நிறைவேறிடுச்சு. அந்தப் பக்கமே போகாதீங்க.

அடுத்து கணக்கு. 'ஃப்ரீ ஜெம்' தர்றோம்னு சொல்ற சைட் எல்லாமே வலைதான். சூப்பர்செல் ஐ.டி-யோட உங்க இமெயிலை இணைச்சு வைங்க. லாகின் பண்ண வரும் கோடு நண்பனே கேட்டாலும் கொடுக்காதீங்க. பெரிய லெவல் கணக்கைக் காசுக்கு வாங்கறதும் விக்கறதும் நிறுவனத்தின் விதிப்படி தப்பு. கணக்கே முடங்கிப் போகலாம்.

தம்பி இப்போ டவுன் ஹாலை ஏத்தறதை நிறுத்திட்டு, பழைய பீரங்கியை எல்லாம் ஒவ்வொண்ணா சரி பண்ணிக்கிட்டிருக்கான். மரம் வெட்டிச் சேர்த்த ஜெம்மில் மூணாவது பில்டரும் வந்தாச்சு. பாக்கெட் மணியில் சேர்த்து சித்தப்பாவுக்கு 600 ரூபாய் திருப்பிக் கொடுத்துட்டான். "மிச்சம் எப்படா?"னு கேட்டேன். "அப்கிரேடு நடந்துட்டிருக்குங்ணா, கொஞ்சம் டைம் ஆகும்" என்றான். பரவாயில்ல, பையன் ஆட்டத்தைப் புரிஞ்சுக்கிட்டான்!