முதியோர் இல்லத்தின் தரத்தை அறிவது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதியோர் இல்லத்தில் வஃபாத்தான பெரியவரின் ஜனாஸாவைக் குளிப்பாட்ட என்னை அழைத்திருந்தார்கள். புதுக் கட்டடம், வாசலில் பூச்செடிகள். மாதக் கட்டணமும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. குளிப்பாட்டுவதற்காக அவரை ஒருக்களித்தபோது முதுகின் அடிப்பகுதியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். உள்ளே எலும்பு தெரிந்தது. "வாரம் தவறாம போன்ல பேசுவேன் ஹஜ்ரத், நல்லா இருக்கேன்னுதான் அத்தா சொல்வாங்க" என்று மகன் அழுதார்.

மய்யித்திடம் கண்டதை வெளியில் சொல்லாமல் மறைப்பது நமது ஒழுங்கு. எனவே அவர் யார், எந்த ஊர், எந்த இல்லம் என்பதைச் சொல்லவில்லை. அந்தப் புண்ணை மட்டும் சொல்கிறேன். பிறர் பெற்றோருக்கு அது வராமல் தடுக்க முடியும் என்பதே காரணம்.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பகுதிகளில் இந்தக் கேள்வி இன்று பல வீடுகளில் எழுகிறது. மகன் வளைகுடாவில் அல்லது திருப்பூரில் இருக்கிறார். மருமகள் பட்டாசு ஆலைக்கோ, தீப்பெட்டி ஆபீசுக்கோ, அச்சகத்துக்கோ காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புகிறார். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவரை யார் புரட்டிப் படுக்க வைப்பது? வேறு வழியின்றி இல்லத்தைத் தேடுகிறவர்களைக் குறை சொல்வது எளிது. தேடுகிறவர் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதுதான் பயன் தரும்.

பெயரில் உள்ள குழப்பம்

நம் ஊர்களில் 'நர்சிங் ஹோம்' என்றால் சிறிய தனியார் மருத்துவமனை. வெளிநாடுகளில் அதே சொல், முதியோரைத் தங்கவைத்து நீண்ட நாள் பராமரிக்கும் இடத்தைக் குறிக்கும். நம் 'முதியோர் இல்லங்கள்' பெரும்பாலும் நடமாடக்கூடிய பெரியவர்களை மனதில் வைத்துத் தொடங்கப்பட்டவை. பக்கவாதம், மறதி நோய், சிறுநீர்க் குழாய் உள்ளவர்களைக் கவனிக்கும் வசதி எல்லா இல்லங்களிலும் இராது. ஆகவே முதல் கேள்வி, "எங்கள் அத்தாவால் எழுந்து நடக்க முடியாது. உங்களிடம் இப்போது அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்களை நான் பார்க்கலாமா?" என்பதாக இருக்கட்டும்.

தரம் என்பது என்ன?

லெபனானில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் அவெடிஸ் டோனபேடியன், மருத்துவப் பராமரிப்பின் தரத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று 1966இல் எழுதினார். ஒன்று, இடமும் ஆட்களும். இரண்டு, அன்றாடம் செய்யப்படும் வேலை. மூன்று, அதனால் நோயாளிக்குக் கிடைக்கும் விளைவு. பெரும்பாலும் நாம் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அந்தப் பெரியவரின் புண் மூன்றாவது வகை. இரண்டாவது நடக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

அமெரிக்காவில் 2008 முதல் இத்தகைய இல்லங்களுக்கு அரசே ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுத்து வெளியிடுகிறது. ஆய்வாளர்களின் சோதனை, பணியாளர் எண்ணிக்கை, உடல்நல விளைவுகள் ஆகிய மூன்றும் அதில் சேரும். தொடக்கத்தில் பணியாளர் கணக்கை இல்லங்களே எழுதிக் கொடுத்தன. அது நம்பத்தக்கதல்ல என்ற விமர்சனம் எழுந்த பிறகு, சம்பளப் பதிவேட்டிலிருந்து கணக்கெடுக்கும் முறை வந்தது. இல்லமே சொல்வது போதாது, வெளியாள் போய்ப் பார்க்க வேண்டும் என்பது இதில் நமக்குள்ள படிப்பினை. நாம் சேர்க்க நினைக்கும் இல்லத்துக்கு அப்படியொரு நட்சத்திரப் பட்டியல் கையில் இல்லை. எனவே குடும்பமே ஆய்வாளராக மாற வேண்டியுள்ளது.

குண்டலப்புலியூர் தரும் பாடம்

விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இயங்கிய அன்பு ஜோதி ஆசிரமத்தில், 2021 டிசம்பரில் முஸ்லிம் முதியவர் ஒருவர் சேர்க்கப்பட்டார். அமெரிக்காவில் வசித்த உறவினர் நண்பர் மூலம் இதை ஏற்பாடு செய்திருந்தார். பின்னர் விசாரித்தபோது, அவரை பெங்களூருவில் உள்ள வேறொரு இல்லத்துக்கு அனுப்பிவிட்டதாகப் பதில் வந்தது. அங்கும் அவர் இல்லை. சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கலானது. 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் சோதனையிட்டபோது, அந்த இடம் உரிய அனுமதியின்றி நடந்தது தெரியவந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். துன்புறுத்தல் புகார்கள் எழுந்தன, நடத்தியவர்கள் கைதானார்கள், வழக்கு சிபிசிஐடியிடம் சென்றது.

நல்ல எண்ணத்தோடு சேர்க்கப்பட்ட ஒருவர்தான் காணாமல் போனார். அவரைத் தேடி நீதிமன்றம் வரை போனதால்தான் மற்றவர்களின் நிலை வெளியே வந்தது. கேட்க ஆள் இல்லாத இடத்தில் தரம் நிற்பதில்லை.

சேர்க்கும் முன் பார்க்க வேண்டியவை

சொல்லாமல் செல்லுங்கள். ஒரு முறை மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு முறை மஃரிபுக்குப் பிறகு. அலுவலக அறையில் உட்காராமல், அதிகம் முடியாதவர்கள் இருக்கும் அறையைக் காட்டச் சொல்லுங்கள்.

படுக்கைப்புண்: எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நெடுநேரம் அழுந்தினால் அங்கே இரத்த ஓட்டம் நின்று சதை அழுகும். இடுப்பின் பின்புறம், குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, தோள்பட்டை ஆகியவை முதலில் பாதிக்கப்படும். அழுத்திப் பார்த்தாலும் மறையாத சிவப்பு அல்லது கருமை முதல் அடையாளம். தானாகப் புரள முடியாதவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். "இரவு இரண்டு மணிக்கு யார் புரட்டுகிறார்கள்? அதை எழுதி வைக்கிறீர்களா?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் புரிந்துகொள்ளுங்கள்.

இரவு ஆட்கள்: பகலில் எத்தனை பேர், இரவில் எத்தனை பேர், அவர்களில் செவிலியர் பயிற்சி பெற்றவர் யார் என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஆட்கள் அடிக்கடி மாறும் இடத்தில் முதியவரின் பழக்கவழக்கம் யாருக்கும் தெரியாது.

தண்ணீரும் எடையும்: வயதானவர்களுக்குத் தாகம் மங்கிவிடும். நம் வெயிலில் இது ஆபத்து. தம்ளர் கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா? கழிப்பறைக்கு அழைத்துப்போக ஆள் இல்லாவிட்டால் பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். மாதம் ஒரு முறை எடை பார்க்கிறார்களா? 60 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் 3 கிலோ குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மருந்து: ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி, தனிச் சீட்டு, கொடுத்த நேரம் எழுதிய பதிவேடு வேண்டும். பட்டப்பகலில் எல்லோரும் அசைவற்றுத் தூங்கினால் ஏன் என்று கேளுங்கள். கட்டிலோடு கட்டி வைக்கும் இடத்தில் சேர்க்காதீர்கள்.

அவசரம்: எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள், வண்டி உண்டா, யாருக்குத் தகவல் சொல்வார்கள்? மாடியில் உள்ள நடக்க முடியாதவரைத் தீ விபத்தின்போது எப்படி இறக்குவார்கள்? தீயின் கொடுமையை அறிந்த நம் பகுதியில் இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. தீக்காயத் தழும்பு இறுகி மூட்டு மடங்கிப்போன பழைய தொழிலாளர்களுக்குப் பிசியோதெரபி கிடைக்குமா என்பதையும் கேளுங்கள்.

காகிதங்கள்: இல்லத்தின் பதிவை மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரியுங்கள். மனநலம் பாதித்தோரையும் தங்கவைத்துச் சிகிச்சை அளிக்கும் இடமென்றால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி தனிப் பதிவு தேவை. குடும்பத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதமின்றி வேறு இடத்துக்கு மாற்றக்கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

மார்க்கம் தொடர்பானவை

இவையும் பராமரிப்பின் பகுதியே. ஒளுச் செய்ய உதவி உண்டா, முடியாதபோது தயம்மும் செய்ய வசதி உண்டா, உட்கார்ந்தோ படுத்தோ தொழ நேரம் நினைவூட்டுவார்களா, உணவு ஹலாலா என்று கேளுங்கள். பெண்களைக் குளிப்பாட்டவும் உடை மாற்றவும் பெண்களே இருக்க வேண்டும். மௌத்தானால் உடனே குடும்பத்துக்கும் ஜமாஅத்துக்கும் சொல்ல வேண்டும் என்று தொலைபேசி எண்ணோடு எழுதிக் கொடுங்கள்.

சட்டம் தரும் பாதுகாப்பு

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டுத் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். நம் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை கோட்ட அலுவலகங்களை இதற்கு அணுகலாம். பராமரிப்பார்கள் என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்த சொத்தை, அவர்கள் பராமரிக்காவிட்டால் 23ஆம் பிரிவின் கீழ் திரும்பப் பெற வழி உண்டு. அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்வது பாதுகாப்பு. முதியவரைக் கைவிடுவது 24ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். புகாருக்கும் ஆலோசனைக்கும் முதியோர் உதவி எண் 14567ஐ அழைக்கலாம்.

இல்லத்தில் சேர்க்காமலே சமாளிக்க முடியுமா என்பதையும் முதலில் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள், பிசியோதெரபி, நோய்த் தணிப்புப் பராமரிப்பு ஆகியவை வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

சேர்த்த பிறகு

பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23, 24ஆம் வசனங்கள் பெற்றோரின் முதுமையைத் தனியே எடுத்துச் சொல்கின்றன. அந்தக் கடமை கட்டணம் கட்டியதோடு முடிவதில்லை. போனில் "நல்லா இருக்கேன்" என்பார்கள். பிள்ளை வருந்தக்கூடாது என்று சொல்வார்கள், பக்கத்தில் ஆள் நிற்பதாலும் சொல்வார்கள். நேரில் போய்ப் போர்வையை விலக்கிக் குதிகாலையும் முதுகையும் பாருங்கள். நகம் வெட்டிவிடுங்கள், ஒரு வேளை கையால் ஊட்டிவிடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அது முடியாது. அங்கே ஜமாஅத் முன்வரலாம். ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் பொறுப்பேற்று, தம் மஹல்லாவைச் சேர்ந்த முதியவர்கள் எந்த இல்லத்தில் இருந்தாலும் மாதம் இருமுறை முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்து, ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை, பஸ் கட்டணமும் அரை நாளும் போதும். அந்தப் பெரியவரின் முதுகை மாதம் இருமுறை யாராவது பார்த்திருந்தால், அந்தப் புண் சிவப்பாக இருந்தபோதே கண்ணில் பட்டிருக்கும்.