பனிப்புயலும் பள்ளிக்கூடமும்

வெண்பனியைப் படத்திலன்றி நேரில் கண்டறியாத நமக்குப் பனிப்புயல் என்றதும் வானிலிருந்து பஞ்சு உதிர்வது போன்ற காட்சியே மனக்கண்ணில் தோன்றுகிறது. உண்மை வேறு. அங்கே உயிர் குடிப்பது பனியைவிடக் காற்றே. மணிக்கு 56 கிலோமீட்டருக்குக் குறையாத காற்றும், 400 மீட்டருக்குள் ஒடுங்கிய பார்வையும் மூன்று மணி நேரமேனும் நீடித்தால்தான் அதைப் பனிப்புயல் என்று அமெரிக்க வானிலைத்துறை வரையறுக்கிறது. புதிய பனி பொழிந்தாகவேண்டும் என்பதுமில்லை. தரையில் கிடக்கும் பழைய பனியைக் காற்று வாரி எழுப்பினாலே போதும்.

இத்தகைய புயலொன்றின் வருகையை முன்னறிந்து எழுதியும் மக்களைக் காக்க இயலாமற்போன வரலாறு, 1888ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் அமெரிக்காவின் நடுவண் சமவெளியில் நிகழ்ந்தது. அக்கொடுமைக்கு இருநூற்று முப்பத்தைந்து பேர் வரை பலியாயினர் என்பர். அவர்களுள் பள்ளிச் சிறார் பலர் இருந்தமையால், 'பள்ளிப் பிள்ளைகளின் பனிப்புயல்' என்றே அது இன்றும் வழங்கப்படுகிறது.

வானிலையை முன்கூட்டி உரைக்கும் பணி அந்நாட்டில் 1870ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அப்பணியை ஏற்றிருந்தது இராணுவத்தின் செய்தித்தொடர்புப் படை. பல ஊர்களில் இருந்த நோக்கர்கள் ஒரே வேளையில் காற்றழுத்தம், வெப்பம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்துத் தந்தியில் அனுப்ப, அவற்றை வரைபடத்தில் பொருத்தி அறிக்கை எழுதினர். வடக்கிலிருந்து இறங்கும் குளிர் அலைகளை அருகிருந்து கவனிக்கவென 1887இல் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. அதன் பொறுப்பாளர் தாமஸ் உட்ரப் என்னும் இராணுவ அதிகாரி.

சனவரி 12 பிறந்த நள்ளிரவில் அவர் விடுத்த அறிக்கை பொய்யன்று. டக்கோட்டா, நெப்ராஸ்கா பகுதிகளில் அன்றிரவும் மறுநாளும் குளிர் அலை வீசும். பனி காற்றில் அடித்துக் குவியும் என்று அது கூறிற்று. ஆயினும் 'இரவு' என்ற சொல்லில் பிழை இருந்தது. புயலோ பட்டப்பகலில் வந்தது. நெப்ராஸ்காவின் தலைநகரான லிங்கனைப் பிற்பகல் 3 மணி அளவிலேயே எட்டிவிட்டது.

காலம் தவறியதைக் காட்டிலும் பெரிய குறை ஒன்றுண்டு. அவ்வறிக்கை யாருக்காக எழுதப்பட்டது? தொடக்கத்தில் அத்துறைக்கு இட்ட பெயரிலேயே 'வணிக நலன்' என்ற சொல் இருந்தது. கப்பலும் இருப்புப்பாதையும் சரக்கும் அதன் கண்ணில் பட்டன. தந்தி சென்ற ஊர்களில் வெள்ளைத் துணியின் நடுவே கறுப்புச் சதுரம் கொண்ட குளிர் அலைக் கொடியை ஏற்றினர். கொடி தெரியும் தொலைவில் எத்தனை பேர் இருந்தனர்? 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆளுக்கு 160 ஏக்கர் பெற்றுக் குடியேறிய உழவர்கள், மரமில்லாச் சமவெளியில் ஒருவருக்கொருவர் எட்டாத் தொலைவில் வாழ்ந்தனர். அவர்தம் பிள்ளைகளுக்கென ஆங்காங்கே ஓரறைப் பள்ளிகள் நின்றன. பல பள்ளிகளின் சுவர், புல்வேரோடு பெயர்த்த மண்கட்டிகளால் அடுக்கப்பட்டது. தந்திக் கம்பி அப்பக்கம் போகவில்லை.

போதாக்குறைக்கு அன்று காலை வழக்கத்துக்கு மாறான இளஞ்சூடு. பல நாள் கடுங்குளிருக்குப்பின் வந்த அந்த இதத்தில் மகிழ்ந்து, கனத்த மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். நேரம் செல்ல வடமேற்கு வானம் கறுத்தது. மாவினும் நுண்ணிய பனித்துகள் கண்ணையும் மூக்கையும் அடைத்தது. நீட்டிய கையும் தெரியாத வெண்ணிருள் அது. மறுநாள் விடியலில் பல இடங்களில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 30 பாகை செல்சியஸை ஒட்டி இறங்கியிருந்தது.

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதா, பள்ளியிலேயே இருத்துவதா? ஆற்றோரப் பள்ளியொன்றில் நான் பணியாற்றிய காலத்தில், மழை வலுத்த ஒரு நண்பகலில் இதே கேள்வியோடு வாயிற்படியில் நின்று கலங்கியதுண்டு. அன்று ஆறு கரை மீறவில்லை. அது என் திறமையன்று. அச்சமவெளியிலோ இக்கேள்வியை எதிர்கொண்டவருள் பலர் இருபது வயதை ஒட்டிய இளம் ஆசிரியைகள். விறகோ நிலக்கரியோ எவ்வளவு மிச்சம், எந்தப் பிள்ளையின் வீடு எத்தனை தொலைவு, கூரை தாங்குமா என்பவற்றை அறிந்திருந்தவர்களும் அவர்களே. புயல் அவ்விடத்தை என்ன செய்யும் என்பதைக் கணிக்க வேண்டிய செய்திகள் இவையே. செயின்ட் பால் வரைபடத்தில் இவற்றுக்கு இடமில்லை.

நெப்ராஸ்காவில் மின்னி பிரீமன் என்பவரின் பள்ளிக்கூரையைக் காற்று பிய்த்தெறிந்தது. தங்குதல் இயலாதென்று கண்ட அவர், பிள்ளைகளை ஒரு பண்ணை வீட்டுக்கு நடத்திச் சென்றார். ஒருவரும் இறக்கவில்லை. அனைவரையும் கயிற்றால் பிணைத்து அழைத்துச் சென்றார் என்பது கதையாக வளர்ந்தது, அது உறுதிப்படவில்லை. ஏடுகள் அவரைப் போற்றின, பாட்டும் கட்டினர்.

அதே மாநிலத்தில் பிளெயின்வியூ அருகே லோயிஸ் ராய்ஸ் என்பவரிடம் மூன்று பிள்ளைகள் மட்டுமே எஞ்சியிருந்தனர். பிற்பகல் 3 மணிக்கு எரிபொருள் தீர்ந்தது. அவர் தங்கியிருந்த வீடு 200 கஜத்துக்கும் குறைந்த தூரம். அவரும் புறப்பட்டார், வழி தவறிற்று. மூன்று பிள்ளைகளும் அவர் அணைப்பிலேயே உறைந்து மாண்டனர். உயிர் பிழைத்த அவர் தம் பாதங்களை இழந்தார். இவரும் பிரீமன் செய்ததையே செய்தார். ஆயினும் இவருக்கு எவரும் பாட்டுக் கட்டியதாகத் தெரியவில்லை.

வானிலைப் பணி 1891இல் இராணுவத்திடமிருந்து வேளாண் துறைக்கு மாறிற்று. ராய்ஸ் தம் பள்ளிக்கதவை அன்று காலை திறந்தபோது, உட்ரப்பின் அறிக்கை தந்தியில் புறப்பட்டுப் பல மணி நேரம் ஆகியிருந்தது.