தேஜஸ் போர் விமானத் திட்டம்: காலத் தாழ்ச்சியும் செலவுப் பெருக்கமும்

மிக்-21 விமானங்களுக்கு மாற்றாக இலகுரகப் போர் விமானம் ஒன்றை உள்நாட்டிலேயே உருவாக்க இந்திய அரசு 1983இல் ரூ.560 கோடி மதிப்பில் ஒப்புதல் அளித்தது. 1994க்குள் பணி நிறைவுற வேண்டும் என்பது திட்டம். ஆயின் முதல் விமானம் வானேறியது 2001 ஜனவரி 4ஆம் நாளில்தான்.

இத்தாழ்ச்சியின் வேர், விமான உடல், பறத்தல் கட்டுப்பாட்டு மென்பொருள், ரேடார், காவேரி எஞ்சின் ஆகியவற்றை ஒருசேரப் புதிதாகப் படைக்க முற்பட்டதில் உள்ளது. ஒன்று தாழ்ந்தால் முழுத்திட்டமும் தாழும் நிலை இதனால் உருவானது. 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பின் அமெரிக்கா விதித்த தடை, மென்பொருள் பணியில் இருந்த கூட்டுழைப்பையும் முறித்தது.

இதற்குத் தீர்வாகப் பணி கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. 1993இல் ரூ.2,188 கோடி ஒதுக்கப்பட்டு, தொழில்நுட்பத்தை மெய்ப்பிக்கும் விமானங்கள் முதலில் உருவாக்கப்பட்டன. அவற்றில் அமெரிக்க எஃப்-404 எஞ்சின் பொருத்தப்பட்டது. காவேரி எஞ்சின் 2008இல் இத்திட்டத்திலிருந்து முறையாகப் பிரிக்கப்பட்டது. 2016 ஜூலையில் முதல் தேஜஸ் படைப்பிரிவு பெங்களூருவில் அமைந்தது.

எனினும் இத்தீர்வுக்கும் விலை உண்டு. 2021இல் ஒப்பந்தமான 83 மேம்பட்ட விமானங்களின் ஒப்படைப்பு 2024இல் தொடங்கவில்லை. அமெரிக்க எஞ்சின்கள் உரிய காலத்தில் வந்து சேராமை அதற்கு ஒரு முதன்மைக் காரணம். எனவே எஞ்சினைப் பிரித்தமை இடரை நீக்கவில்லை, இடம் மாற்றியது எனலாம்.