பல்லும் உலையும்: இரு போர்களுக்கு இடைப்பட்ட ஆங்கிலப் பல்சக்கரத் தொழில்

தொழில் வரலாறு எழுதுவோர் பொறியின் பெயரைப் போற்றுவர். அதற்கு உருத்தந்த உலையை மறப்பர். இங்கிலாந்தில் யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரத்து டேவிட் பிரவுன் தொழிலகத்தின் வரலாறு இதற்குச் சான்றாகும். அதன் தலைவர் 1947இல் ஆஸ்டன் மார்ட்டின் கார்த் தொழிலகத்தை வாங்கியதைப் பலரும் அறிவர். அதற்குப் பதினேழாண்டுகட்கு முன் அத்தொழிலகம் எஃகு வார்ப்புத் தொழிலில் இறங்கியதை அறிந்தார் சிலரே. அச்செயலின் பொருளை ஈண்டு ஆராய்வோம்.

1860இல் இத்தொழிலகம் தொடங்கியபோது அது செய்தது சக்கரம் அன்று. வார்ப்புக்குரிய மர மாதிரி. மர உருவை மணலில் பதித்து எடுத்து, அப்பள்ளத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவது வார்ப்பு முறை. அவ்வாறு வார்த்த பற்கள் சொரசொரப்பானவை. விரைந்து சுழலும் பொறிக்கு ஒவ்வாதவை. ஆதலின் 1898அளவில் இத்தொழிலகம் பொறியால் பல் வெட்டுதலையே சிறப்பாகக் கொண்டது. முதல் உலகப் போரின் முடிவிற்குள் தொழிலாளர் தொகை 200இலிருந்து 1000ஆக உயர்ந்தது.

எனின், வெட்டும் கலையில் வென்றோர்க்கு வார்க்கும் உலை எதற்கு? விடை உலோகத்தின் இயல்பில் உள்ளது. வார்ப்பிரும்பு ஏறத்தாழ 1200 பாகை வெப்பத்தில் உருகும். அச்சினுள் எளிதாக ஓடும். ஆனால் திடீர் அதிர்ச்சியில் முறியும். உருட்டாலையிலும் சுரங்கப் பொறியிலும் சுழலும் பெருஞ்சக்கரங்களுக்கு அதிர்ச்சி தாங்கும் எஃகு வேண்டும். எஃகோ 1500 பாகையை ஒட்டி உருகுவது. குளிர்கையில் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு சுருங்குவது. சுருங்கும்போது உட்குழி விழாமலிருக்க, உருகிய எஃகை ஊட்டும் தேக்கங்களை அச்சின்மேல் அமைத்தல் வேண்டும். மர மாதிரியையும் அச்சுருக்கத்திற்கேற்பப் பெரிதாகச் செய்தல் வேண்டும். உள்ளே மறைந்த குழியை எவ்வளவு கூரிய வெட்டுக்கருவியும் நீக்காது. பல நாள் உழைத்துப் பல் வெட்டிய பின்னரே அது வெளிப்படுதலும் உண்டு. அந்நிலையில் வார்த்தவன் குற்றத்திற்கு வெட்டியவன் உழைப்பே இரையாகும்.

இந்நோக்கில் 1930ஆம் ஆண்டுச் செயல் தெளிவு பெறும். உலகப் பொருளாதார வீழ்ச்சி நிலவிய அவ்வாண்டில், பல்சக்கரத்தோடு எஃகு வார்ப்பும் செய்துவந்த பி. ஆர். ஜாக்சன் தொழிலகத்தை டேவிட் பிரவுன் தொழிலகம் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1931இல் பெர்சி பிரவுன் மறைந்தபின், 1904இல் பிறந்த அவர்தம் உடன்பிறந்தார் மகன் டேவிட் பொறுப்பேற்றார். அப்பத்தாண்டிலேயே வார்ப்படச் சாலை பெனிஸ்டன் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எஃகுத் தொழிலால் பெயர் பெற்ற ஊர் அது.

இதனை வெறும் விரிவாக்க வேட்கை எனச் சிலர் கூறலாம். போட்டியாளர் ஒருவரை அகற்றும் நோக்கமும் உடனிருந்திருக்கலாம் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் அந்நோக்கம் மட்டுமே எனின், வாங்கிய உலையை அணைத்திருத்தல் கூடும். வேற்றூரில் அமைத்து வளர்த்திருக்க வேண்டுவதில்லை. மர மாதிரியில் தொடங்கிய தொழில் எழுபது ஆண்டுகட்குப்பின் மணலச்சுக்கே மீண்டது என்பதே பொருந்தும். பின்வந்த போரில் சர்ச்சில் டாங்கியை இயக்கிய மெரிட்-பிரவுன் பல்சக்கரப் பெட்டி இத்தொழிலகத்தின் பெயரைத் தாங்கியது. பெனிஸ்டனில் வார்த்த உயர்தர எஃகும் அப்போருக்குப் பெரிதும் பயன்பட்டது. எனினும் பல்சக்கரம் பெற்ற புகழை உலை பெறவில்லை.

இவ்வரலாற்றில் தமிழில் எழுதுவோர்க்கும் ஒரு பாடம் உண்டு. வார்ப்பிரும்பு, வார்ப்பெஃகு ஆகிய இரண்டையும் ‘வார்ப்பு’ என்னும் ஒரே சொல்லால் குறித்துச் சென்றால், 1930ஆம் ஆண்டுச் செயல் காரணமற்ற வாணிகமாகவே தோன்றும். கலைச்சொல் மயங்குமிடத்து வரலாற்றின் காரணமும் மயங்கும். உலையருகே நின்றோர் உழைப்புக்கு வரலாற்றில் உரிய இடம் தருவதற்கு, அவர் கையாண்ட பொருளைப் பிரித்தறிந்து பெயரிடுதலே முதற்கடன்.